143 தாளும் ஒரு கேள்வியும்

என் கடைக்கு யாராவது போனில் வழி கேட்டால் இப்படித்தான் சொல்வேன். "மாங்குளம் சந்தியில இறங்கி ஒட்டுசுட்டான் றோட்டால வாங்கோ. முந்திச் சங்கக்கடை இருந்த இடம் தாண்டினா, பாலை மரம் நிண்ட வளவுக்கு எதிர்ப்பக்கம்." சங்கக்கடை இப்போது அங்கே இல்லை. பாலை மரமும் இல்லை, வீதியை அகலித்தபோது தறித்துவிட்டார்கள். வன்னியில் பாதி வழி இப்படி இல்லாமல் போனவற்றை வைத்துத்தான் சொல்லப்படுகிறது. இங்கே பிறந்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்தவனுக்கு அது விளங்கும். கொழும்பிலிருந்து டோனர் கொண்டுவரும் வான்காரத் தம்பிக்கு விளங்காது. சந்தியில் நின்று மூன்று தரம் போன் எடுப்பான்.

கடையில் போட்டோக்கொப்பி, ரைப்பிங், லமினேற்றிங், பாஸ்போர்ட் சைஸ் படம், போனுக்கு ரீலோட் எல்லாம் உண்டு. 2014இல் திறந்தேன். இரவில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இன்னொரு வேலை செய்கிறேன். கடிதம், கணக்குப் பட்டியல் எல்லாம் செய்கிற லிப்ரே ஒபிஸ் என்ற மென்பொருளுக்குக் கைநூல் எழுதுகிறேன். சம்பளம் இல்லை. ஏழு வருடம் ஆகிவிட்டது. "உதென்ன தம்பி, ராத்திரியில ஆருக்கு எழுதுறீர்?" என்று பக்கத்துத் தேத்தண்ணிக்கடை அண்ணை அடிக்கடி கேட்பார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லி மழுப்பியிருக்கிறேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

தொடக்கம் ஒன்றும் பெருமைக்குரியதல்ல. ஆரம்பத்தில் என் இரண்டு கொம்பியூட்டரிலும் இருந்தது களவாகப் போட்ட மென்பொருள்தான். ஊர் முழுக்கப் பென்டிரைவைக் கொண்டுவந்து குத்தும். வைரஸ் வரும். போல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறும். மாதத்துக்கு ஒரு தரம் வவுனியாவுக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட வேண்டும். 2017இல் ஒரு நாள் ஒருவரின் காணிக் கடிதம் சேவ் செய்யும்போதே செத்துப்போனது. மூன்றாம் தரம் அதை ரைப் பண்ணும்போது, இனி இது சரிவராது என்று முடிவெடுத்து லிப்ரே ஒபிஸ் போட்டேன். காசில்லை, களவில்லை. 2010இல் ஓப்பின் ஒபிஸ் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது அது. யாரும் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம். 'ஓப்பின் சோர்ஸ்' என்றால் இவ்வளவுதான்.

போட்டு இரண்டாம் நாளே எனக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. எஃப்1 அமத்தினேன். உதவிப் பக்கத்தைத் தேடி அது இன்ரநெற்றுக்குப் போனது. அன்று மழை, சிக்னல் இல்லை. வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்து அப்படியே நின்றது. இன்ரநெற் இல்லாமல் பார்க்கும் உதவித் தொகுப்பு தனியாக இருக்கிறது, அதை வேறாக இறக்கி நிறுவ வேண்டும் என்பது பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தத் தகவலும் இன்ரநெற்றில்தான் இருந்தது! எழுதியவர்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். எழுதியவருக்கு எந்நேரமும் இணைப்பு இருக்கிறது. மழை பெய்தால் சிக்னல் போகும் என்பது அவர் தலைக்குள் வந்திருக்கவே மாட்டாது. அதைத் தெரிந்தவன் மாங்குளத்தில் இருக்கிறான்.

அந்தக் கோபத்தில்தான் லிப்ரே ஒபிஸ் கைநூல்காரருக்கு முதல் மின்னஞ்சலை எழுதினேன். முறைப்பாடு மாதிரித்தான் இருந்திருக்கும். என் ஆங்கிலம் ஏ.எல். ஆங்கிலம், அதுவும் பள்ளிக்கூடம் பாதி நாள் மரத்தடியில் நடந்த காலத்து ஆங்கிலம். பதில் மறுநாளே வந்தது, மரியாதையாக. சாரம் இதுதான்: நீங்கள் சொல்வது சரி, எந்த இடத்தில் எந்த வசனம் இருக்க வேண்டும் என்று எழுதித் தாருங்கள். முறைப்பாடு சொல்லப் போனவனின் கையில் விளக்குமாற்றைத் தந்த கதை. எழுதிக் கொடுத்தேன், மூன்று வசனம். மாட்டிக்கொண்டேன்.

வேலை நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். பலர் இதற்குக் கோடிங் தெரிய வேண்டும் என்று நினைக்கிறார்கள். லிப்ரே ஒபிஸின் கைநூல்கள் அதிலுள்ள ரைட்டர் என்ற கடிதம் எழுதும் பகுதியிலேயே எழுதப்படுகின்றன. ஒரு நூலில் பல அத்தியாயம், ஒவ்வொரு அத்தியாயமும் தனி பைல். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் புதிய பதிப்பு வரும். இப்போது பதிப்பு எண்ணையே வருடமும் மாதமுமாகத்தான் வைக்கிறார்கள்; 24.2 என்றால் 2024 பெப்ரவரி, 24.8 என்றால் அதே வருடம் ஓகஸ்ட். புதிய பதிப்பு வந்ததும் ஒரு அத்தியாயத்தை "நான் பார்க்கிறேன்" என்று எடுக்க வேண்டும். பழைய வசனங்களை ஒவ்வொன்றாகத் திரையோடு ஒப்பிட்டு, மாறியதை மாற்றி, படங்களைத் திரும்ப எடுத்துப் போட வேண்டும். 'மாற்றங்களைப் பதிவு செய்' என்ற வசதியைப் போட்டுவிட்டுத்தான் கை வைக்கலாம். பிறகு இன்னொருவர் வாசித்துத் திருத்துவார். கடைசியில் முன்பக்கத்தில் பங்களித்தவர்கள் பட்டியலில் பெயர் வரும். கூலி அவ்வளவுதான்.

முதல் அத்தியாயம் திரும்பி வந்தபோது பக்கம் முழுக்கச் சிவப்பு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, பெயிலோ?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான். நீளமான வசனங்களை எல்லாம் வெட்டியிருந்தார் திருத்தியவர். காரணம் கேட்டேன். இந்த வசனத்தை வேறு மொழிக்காரர் மொழிபெயர்க்கப் போகிறார்கள், உங்கள் வசனத்தின் வாலைப் பிடித்துத் தலையைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நேரமில்லை என்றார். பெரிய ஆங்கிலம் எழுத வேண்டும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது என் சின்ன ஆங்கிலம்தான். இன்னொன்றும் செய்திருந்தார். "இலகுவாக", "வெறுமனே" என்ற அர்த்தத்தில் நான் போட்ட சொற்கள் எல்லாவற்றையும் கோடு கீறி எடுத்திருந்தார். "வெறுமனே இதைக் கிளிக் செய்யுங்கள்" என்று வாசித்து, கிளிக் செய்து, வேலை நடக்காமல் இருக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? மூளையில்லாதவன் என்று நாங்கள் சொன்னது போல இருக்கும். இதைக் கடையிலும் நிற்பாட்ட வேண்டியிருந்தது. "உது லேசான வேலை ஐயா" என்பது என் வாயில் எந்நேரமும் வரும் வசனம்.

சரி, 143 தாளுக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் எழுதியதோடு, கடைக்கு வருகிறவர்களுக்காகத் தமிழிலும் ஒரு பக்க, இரண்டு பக்கக் குறிப்புகள் எழுதி லமினேற் செய்து மேசைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். தாமாகவே இருந்து வேலை செய்கிறவர்களுக்கு மணித்தியாலக் கணக்கில் மெஷினைக் கொடுப்பது வழக்கம். மாதர் சங்கச் செயலாளர் அக்கா அப்படி ஒருவர். முத்தையன்கட்டுப் பக்கம் வீடு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சங்கத்தின் கணக்கு, கூட்ட அறிக்கை, அங்கத்தவர் பட்டியல் எல்லாவற்றையும் பார்ப்பது அவர்தான். 2022 தொடக்கத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றார். 143 பேர். முந்திய வருடம் பெயருக்கு இடம் விட்டுக் கொப்பி அடித்து, கையால் பெயர் எழுதினார். இந்த முறை "கொம்பியூட்டராலேயே பேர் வரப் பண்ணலாமாமே" என்று கேட்டார். பண்ணலாம். அதற்கு மெயில் மேர்ஜ் என்று பெயர். அதற்கும் என்னிடம் ஒரு லமினேற் குறிப்பு தொங்கியது. பெருமையோடு எடுத்துக் கொடுத்துவிட்டு, டோனர் வாங்க வவுனியா பஸ் ஏறிவிட்டேன். கடையில் மருமகன் மட்டும் நின்றான், போட்டோக்கொப்பி மெஷினோடு.

குறிப்பில் இருந்த படிகள் இவை. பட்டியலைக் கல்க் என்ற கணக்கு அட்டவணைப் பகுதியில் வைத்திருக்க வேண்டும், முதல் வரியில் பெயர், முகவரி என்ற தலைப்புகள். அந்தப் பட்டியலை லிப்ரே ஒபிஸுக்குத் தரவுத்தளமாக அறிமுகப்படுத்த வேண்டும். ரைட்டரில் கடிதத்தைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்4 மூன்றையும் சேர்த்து அமத்தினால் மேலே பட்டியல் தெரியும். 'பெயர்' என்ற தலைப்பை மவுஸால் பிடித்து இழுத்துக் கடிதத்தில் வேண்டிய இடத்தில் விட வேண்டும். அங்கே <பெயர்> என்று கூர் அடைப்புக்குள் வரும். கடைசிப் படி: பிரின்ட் கொடுங்கள், எல்லோருக்கும் தனித்தனியாக வரும்.

அக்கா ஒன்றும் பிசகாமல் செய்திருக்கிறார். அவ்வளவையும் நான் பிறகு பார்த்தேன், எல்லாம் சரி. பிரின்ட் கொடுத்ததும் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு கேள்வி: உங்கள் ஆவணத்தில் முகவரித் தரவுத்தளப் புலங்கள் இருக்கின்றன, 'ஃபோம் லெட்டர்' அச்சிட வேண்டுமா? கீழே யெஸ், நோ.

அக்கா இதை மருமகனிடம் காட்டி வாசிப்பித்திருக்கிறார். அவன் 'ஃபோம்' என்ற சொல்லைப் பிடித்தான். இங்கே ஃபோம் என்றால் என்ன? விண்ணப்பப் படிவம். விதானையிடம் கையெழுத்து வாங்கி, பிரதேச செயலகத்தில் கொடுத்து, ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போய் விசாரிப்பது. அக்கா பத்து வருடமாக ஃபோம் நிரப்புகிறவர். "எங்களுக்கு ஃபோம் வேண்டாமடா, கடிதம்தான் வேணும்" என்று சொல்லி நோ அமத்தியிருக்கிறார். வழமையான பிரின்ட் பெட்டி திறந்தது. அதில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. 143 பேருக்கு ஒரு பக்கம் போதாதே என்று, கொப்பி எத்தனை என்ற இடத்தில் 143 போட்டார். எவ்வளவு நிதானமாக யோசித்திருக்கிறார் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் அவர் செய்தது நியாயம்.

நான் ஐந்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினேன். மேசையில் 143 தாள், அடுக்கி, மூலை தட்டி வைத்திருந்தது. எல்லாவற்றின் தலையிலும் "மதிப்புக்குரிய <பெயர்> அவர்களுக்கு". அக்கா முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. "நான் என்னவோ பிழை விட்டிட்டன் போல தம்பி. தாள்க் காசைத் தாறன்" என்றார். 2022ஐ நினைத்துப் பாருங்கள். பொருளாதார நெருக்கடி, தாள் விலை கிழமைக்குக் கிழமை ஏறிக்கொண்டிருந்த நேரம். காசு வாங்கவில்லை. பிழை அவருடையதா?

அன்றிரவு மெஷினில் இருந்து அதே வேலையைச் செய்து பார்த்தேன். பெட்டி வந்தது. என் கை யெஸ் அமத்தியது. அமத்திய பிறகுதான் பெட்டி வந்ததே எனக்கு உறைத்தது. எத்தனை நூறு தரம் அமத்தியிருப்பேன்! ஒரு நாளும் வாசித்ததில்லை. வேலை தெரிந்தவன் எழுதும் குறிப்பில் இருக்கும் ஓட்டை இப்படியான இடத்தில்தான் இருக்கிறது. தெரியாததை அவன் தேடி எழுதிவிடுவான், கஷ்டமான இடத்துக்குப் படமும் போடுவான். கை தானாகச் செய்வதை மட்டும் விட்டுவிடுவான், கண்ணுக்குப் படாதபடியால். பாலை மரம் தறித்தது எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் வழி சொல்லும்போது வாயில் பாலை மரம்தான் வருகிறது.

அதற்குப் பிறகு என் எழுத்து முறை மாறிவிட்டது. எதை எழுதினாலும் ஒருவரை இருத்திச் செய்யச் சொல்வேன். நான் பக்கத்துக் கதிரையில். வாய் திறக்கக் கூடாது. இதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி, கடைக்காரனின் வாய் சும்மா கிடக்காது. அவர் எந்த இடத்தில் நிற்கிறார், எந்த இடத்தில் குறிப்பைத் திரும்பப் பார்க்கிறார், எந்த இடத்தில் என் முகத்தைப் பார்க்கிறார் என்று மட்டும் எழுதிக்கொள்வேன். என் முகத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் குறிப்புத் தோற்றுவிட்டது. மெயில் மேர்ஜ் குறிப்பை அக்காவோடு இப்படித் திருத்தினேன். இரண்டு பக்கம் ஐந்து பக்கமானது. அந்தக் கேள்வியைத் திரையில் இருக்கிறபடியே படமாகப் போட்டு, கீழே எழுதினேன்: "இந்த 'ஃபோம்' நாங்கள் நிரப்புகிற ஃபோம் இல்லை. ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி எல்லோருக்கும் அடிப்பதைத்தான் இப்படிச் சொல்கிறது. யெஸ் அமத்துங்கள்." இன்னொரு ஓட்டையும் அக்காதான் கண்டுபிடித்தார். பட்டியல் பென்டிரைவில் இருந்தால், பென்டிரைவைக் கழற்றியதும் கடிதத்துக்கும் பட்டியலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். முதலில் மெஷினுக்குள் கொப்பி பண்ணிக்கொள்ள வேண்டும். என் பட்டியல்கள் எல்லாம் மெஷினில் இருக்கிறபடியால் எனக்கு இது தோன்றவே இல்லை.

எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு வீண். பாமினி என்ற தமிழ் எழுத்துரு. இங்கே கடைகளிலும் கந்தோர்களிலும் வருடக்கணக்காகப் பாமினியில்தான் தமிழ் அடித்தோம். கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும் கொம்பியூட்டருக்கு அது ஆங்கில எழுத்துத்தான். 'அ' என்று நாங்கள் வாசிப்பது அதற்கு 'm'. பிறகு தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் யுனிகோடுக்கு மாறச் சொன்னார்கள், மாறினோம். மாறியவர்கள் லிப்ரே ஒபிஸில் வந்து ஒரே முறைப்பாடு: "ஸ்டைலில எழுத்தின்ர சைஸை 14 ஆக்கினன் தம்பி, தமிழ் மட்டும் மாறுதில்லை." அவர்கள் சொன்னது உண்மை. இந்த மென்பொருளுக்கு எழுத்துகளில் வகை உண்டு. ஆங்கிலம் போன்றவை 'வெஸ்டேர்ன்'. தமிழ், இந்தி, அரபு போன்றவை 'கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்'. இரண்டுக்கும் எழுத்துருவும் சைஸும் தனித்தனி. பாமினி அடித்த காலத்தில் வெஸ்டேர்ன் பகுதியை மாற்றினால் போதும், அது ஆங்கிலம்தானே. யுனிகோட் தமிழுக்குக் கொம்ப்ளெக்ஸ் பகுதியை மாற்ற வேண்டும். அந்தப் பகுதி திரையில் தெரியாவிட்டால் டூல்ஸ், ஒப்ஷன்ஸ் என்று போய் மொழிகளுக்கான பகுதியில் கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்டுக்குச் சரி போட வேண்டும்.

இது கைநூலில் இல்லாத விஷயமல்ல, இருந்தது. ஆனால் 'கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. தன் மொழி 'கொம்ப்ளெக்ஸ்' என்று எந்தத் தமிழனுக்குத் தெரியும்? அம்மாவின் வயிற்றில் இருந்தே கேட்ட மொழி. அவன் தேடுவது "தமிழ் எழுத்து சைஸ் மாறவில்லை" என்று. அந்த வசனத்தையே தலைப்பாக வைத்து ஒரு பக்கம் எழுதினேன். நான் எழுதியவற்றில் அதிகம் பிரயோசனப்பட்டது அதுதான் என்று நினைக்கிறேன். மல்லாவியிலிருந்து ஒரு ரீச்சர் அதை பிரின்ட் எடுத்துப் பள்ளிக்கூடத்து லாப் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார்.

மெனுவைத் தமிழிலேயே போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம், தொண்டர்கள் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். கடையில் ஒரு மெஷினில் போட்டும் பார்த்தேன். அடுத்த நாள் காலை ஒரு ஓய்வுபெற்ற ஐயா வந்திருந்து, "தம்பி, பிரின்டை எங்க ஒளிச்சு வச்சனீர்?" என்றார். 'அச்சிடு' என்று அவர் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. தமிழ் வாத்தியார் வேறு! சொல்லில் பிழையில்லை. 20 வருடமாகக் கண் பழகிய இடத்தில் பழகாத சொல் இருந்தது, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் தமிழ் மெனுவில் தொடங்கினால் அவர்களுக்கு அதுவே பழகிவிடும், அதற்காக அந்த மெஷினை அப்படியே விட்டிருக்கிறேன். ஆனால் குறிப்பு எழுதும்போது எனக்கு ஒரே சட்டம்: வாசிக்கிறவரின் திரையில் எந்தச் சொல் இருக்கிறதோ அதுதான் தாளிலும் இருக்க வேண்டும். தமிழ்ப்பற்றை வேறு இடத்தில் காட்டிக்கொள்ளலாம்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் நிற்பாட்டினார்கள். கொம்பியூட்டர் கடைக்குக் கரண்ட் இல்லையென்றால் கடையே இல்லை. ஷட்டரை முழுக்கத் திறந்து வெளிச்சத்தில் இருந்து, தாளில் எழுதினேன். லப்டொப் பற்றரி இரண்டு மணித்தியாலம்தான் தாங்கும். அதனால் முழு அத்தியாயத்தையும் முதலில் பேனையால் திருத்திவிட்டு, பற்றரி நேரத்தை ரைப் பண்ண மட்டும் பாவித்தேன். எழுதிய தாள் எது என்று நினைக்கிறீர்கள்? அந்த 143இன் பின்பக்கம். அந்த ஆறு மாதத்தில் செய்த வேலைதான் என் வேலைகளிலேயே திருத்தம் குறைந்து வந்தது. வேறு வேலை இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

அந்த நேரம்தான் வாசித்தேன்: 2017இல், மென்பொருள் கோடைப் பகிரும் தளமான கிட்ஹப் ஓப்பின் சோர்ஸ்காரரிடம் நடத்திய ஆய்வில் 93 வீதமானோர், அரைகுறையான அல்லது பழசாகிப்போன கைநூல்களைத் தாங்கள் கண்டிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதே ஆய்வில், பங்களிப்பவர்களில் 60 வீதமானோர் கைநூல் பக்கம் தாங்கள் போவது அரிது, அல்லது போவதே இல்லை என்றிருந்தார்கள். கல்யாண வீட்டில் சமைக்க ஆள் வருவார்கள், கிடாரம் கழுவ ஆள் வரமாட்டார்கள், அது மாதிரித்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் செய்கிற வேலை என்று நினைக்கிற தம்பிமாருக்கு ஒரு கதை சொல்வேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் முல்லைத்தீவுக் கரை போனபோது எனக்கு 14 வயது. யார் எந்த முகாமில் என்று கொப்பித் தாளில் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன், தேடி வருகிற ஆட்கள் விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டு போவார்கள். அதே நாட்களில் கொழும்பில் தொண்டர்கள் சிலர் காணாமல் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய 'சகன' என்ற ஓப்பின் சோர்ஸ் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். பிறகு அதை வேறு நாடுகளும் எடுத்துப் பாவித்தன. 2006இல் அமெரிக்காவின் ஃப்ரீ சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் சமூகப் பயன்பாட்டுக்கான விருதை அதற்குக் கொடுத்தது. இந்தத் தீவில் செய்த வேலை. எங்கள் சுவருக்கு அது வந்து சேரவில்லை என்பது வேறு கதை.

அலுப்பு இல்லையா என்றால், இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஒரு பொத்தான் இடம் மாறும், ஒரு மெனுவின் பெயர் மாறும். நான் எடுத்த படம் எல்லாம் தறித்த பாலை மரமாகிவிடும். மாற்றியவர் வேறு கண்டத்தில் சந்தோஷமாக இருப்பார். போன வருடம் ஒரு அத்தியாயத்தை எடுத்துவிட்டு நெல் வெட்டு நேரம் முடிக்க முடியாமல் கைவிட்டேன். இரண்டு மாதம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன், அதுதான் பிழை. எடுத்ததைத் திரும்பக் கொடுத்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பிடித்துக்கொண்டு சும்மா இருந்தால் வேறு ஆளும் தொடமாட்டார். வெட்கத்தை விட்டு மின்னஞ்சல் போட்டேன், ஒரே கிழமையில் இன்னொருவர் முடித்துவிட்டார்.

அம்மா சம்பளம் பற்றிக் கேட்பதை நிற்பாட்டிவிட்டார். பங்களித்தவர்கள் பட்டியலில் என் பெயர் வந்த பக்கத்தை பிரின்ட் எடுத்துக் காட்டினேன். மற்றப் பெயர்களை எல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இவங்களுக்கும் சம்பளம் இல்லையோ?" என்றார். அநேகமானோருக்கு இல்லை என்றேன். "அப்ப பரவாயில்லை" என்று உள்ளே போய்விட்டார்.

போன கிழமை மாதர் சங்க அக்கா வந்தார். இந்த வருடப் பொதுக்கூட்டம். அங்கத்தவர் 151 ஆகிவிட்டார்களாம். குறிப்பை எடுத்துக்கொண்டு தானாகவே மெஷினில் இருந்தார். நான் பக்கத்துக் கதிரையில், வாயைப் பொத்திக்கொண்டு. பட்டியலைப் பென்டிரைவிலிருந்து கொப்பி பண்ணினார். தலைப்பை இழுத்து விட்டார். பிரின்ட் கொடுத்தார். கேள்வி வந்தது. குறிப்பைப் பார்க்காமலே யெஸ் அமத்தினார், அமத்திவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அடுத்த பெட்டியில், நான் எழுதியிருந்தபடியே, பிரின்டருக்கு அனுப்பாமல் 'பைல்' என்பதைத் தெரிவு செய்தார். முதலில் பைலாக எடுத்துப் பார்த்துவிட்டு அச்சடித்தால் தாள் வீணாகாது என்பதற்காக எழுதியது. அதன் கீழே இரண்டு தெரிவு இருந்தது, ஒரே ஆவணமாகவா, தனித்தனி ஆவணங்களாகவா என்று. அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. என் கை எந்நேரமும் ஒரே ஆவணத்துக்குத்தான் போகும்.

அக்கா நிதானமாக வாசித்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம்தானே வேண்டும்? தனித்தனி என்பதைத் தெரிவு செய்தார். எந்த போல்டர் என்று கேட்டது, டெஸ்க்டொப் என்றார்.

படபடவென்று நிரம்பியது. ஒன்று, இரண்டு, பத்து, ஐம்பது. 151 பைல், திரையில் இடம் இல்லாமல் ஒன்றுக்கு மேல் ஒன்று. டெஸ்க்டொப்பில் நான் வைத்திருந்த என் மகளின் படத்தையும் மறைத்துவிட்டது. அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இனி இதுகளை ஒவ்வொண்டாத் திறந்து அடிக்கவோ தம்பி?"

தாள் ஒன்றும் போகவில்லை. லாச்சியைத் திறந்து பழைய கட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன், இன்னும் இருபது இருக்கும். "மதிப்புக்குரிய <பெயர்> அவர்களுக்கு" என்றிருந்த பக்கத்தைக் கீழே திருப்பி வைத்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்கோ அக்கா" என்று பேனையைத் தேடினேன்.